நிறுத்தாமல் போகிற குடும்பம்

குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின சனிக்கிழமை காலை. வடக்கே ஒரு பனி நாட்டில், டிராமன் நகரத்தின் ஒரு தெருவில் வீட்டுக்கு ஒரு கார் வாசலில் நின்றது. கார்களின் கூரைகளில் பனிச்சறுக்குப் பலகைகளுக்கான நீளப் பெட்டிகள் ஏறிக்கொண்டிருந்தன. ஈஸ்டர் வாரத்தில் மலைக்கோ சொந்த ஊருக்கோ போகாமல் வீட்டில் இருப்பவர்களை அந்தத் தெரு இரக்கத்தோடு பார்க்கும்.

ஸ்டைனார் ஹௌகேன் சுவரிலிருந்து தன் மின்சாரக் காரின் சார்ஜ் கம்பியைக் கழற்றிச் சுருட்டினான். நூறு சதவீதம். பாலம் கட்டும் நிறுவனமொன்றில் பொறியாளனாக இருந்த அவன், ஒரு வாரமாக இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கைப்பேசியும் கையுமாக உட்கார்ந்து இந்தப் பயணத்தைத் திட்டமிட்டிருந்தான். கூல் என்கிற ஊரில் ஒரே ஒரு நிறுத்தம். அங்கே அறுபது சதவீதம் வரை ஏற்றிக்கொண்டு, ஹெம்செடால் மலையைத் தாண்டி, மேற்கே கடல்கழி ஓரத்தில், ஈஸ்டருக்குச் சொந்தங்கள் கூடும் குடும்பப் பண்ணை வீட்டு வாசலில் ஆறு சதவீதத்தோடு போய் நிற்க வேண்டும்.

"ஆறு போதுமா?" என்று மனைவி மாரித் கேட்டாள். ஆரஞ்சுப் பழப் பையைப் பின் இருக்கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆறே அதிகம்தான். போன வருஷம் நாலோட போனோம்."

"போன வருஷம் கார்ல மாமா இல்ல."

"அப்பா என்ன, எழுபது கிலோ. அதையும் கணக்குல சேத்துட்டேன்."

மாரித் பின் கதவைச் சாத்தினாள். அவன் உண்மையிலேயே சேர்த்திருப்பான் என்று அவளுக்குத் தெரியும்.

ஹௌகேன் வீட்டார் வழியில் நிறுத்துவதில்லை. அந்தப் பக்கத்தில் எல்லாரும் அறிந்த விஷயம் அது. டீசல் வண்டிக் காலத்தில் ஸ்டைனாரின் தந்தை ஐவிண்ட் டிராமனிலிருந்து பண்ணை வரைக்கும் ஒரே ஓட்டமாக ஓட்டுவார். நடுவில் சாலையோரமாக ஒருமுறை நிற்பார். பொட்டலத்தைப் பிரித்து ரொட்டியைத் தின்று, பிளாஸ்கிலிருந்து ஒரு கோப்பை காப்பி குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். அதன் பிறகு பிள்ளைகள் சிறுநீருக்கு அழுதாலும் அடுத்த நிறுத்தம் பண்ணைதான். அது கண்டிப்பு என்று அப்போது யாரும் நினைக்கவில்லை. கட்டுப்பாடு என்றே நினைத்தார்கள், பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். மின்சாரக் கார் வந்தபோது இந்தப் பெருமை போயிருக்க வேண்டும். போகவில்லை, வேறு உருவம் எடுத்தது. எத்தனை நிறுத்தம், எத்தனை சதவீதம் மிச்சம் என்பதுதான் இப்போது பண்ணை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் முதல் பேச்சு. யாருடைய உடம்பு எப்படி இருக்கிறது என்பது அதற்குப் பிறகுதான் வரும்.

அந்த மேசையில் கேலிக்கு ஆளாகிறவன் ஹெல்கே. ஐவிண்டின் மகள் தோரிலைக் கட்டியவன். அவன் மூன்று இடத்தில் நிறுத்துவான். நிறுத்துகிற இடத்தில் வாஃபிள் என்கிற இனிப்பு அப்பம் தின்பான். 'வாஃபிள் மாப்பிள்ளை' என்று ஸ்டைனார் வைத்த பேர் குடும்பத்தில் நிலைத்துவிட்டது.

முந்தின நாள் மாலை தோரில் தந்தையைக் கூப்பிட்டாள். "அப்பா, எங்க கார்ல வாங்களேன். நாங்க நிறுத்தி நிறுத்திதான் போவோம். உங்களுக்கும் சௌகரியமா இருக்கும்."

"உங்களோட வந்தா எல்லாரும் சாப்பிட்டு எழுந்தப்புறம்தான் போய்ச் சேருவேன்" என்றார் ஐவிண்ட். "நான் ஸ்டைனாரோடவே வரேன்."

ஐவிண்டுக்கு எழுபத்தொன்பது வயது. இலையுதிர் காலத்தில் இதயம் பலவீனப்பட்டதிலிருந்து உடம்பில் நீர் சேராமல் இருக்க மருத்துவர் ஒரு சின்ன வெள்ளை மாத்திரை கொடுத்திருந்தார். அதைப் போட்டால் காலைப் பொழுது முழுவதும் கழிப்பறைக்கு நடையாய் நடக்க வேண்டும். வீட்டில் அது பெரிய காரியமில்லை. காரில்?

எதற்கும் இருக்கட்டும் என்று வெள்ளிக்கிழமையே அவர் அந்த மாத்திரையைப் பெட்டியிலேயே விட்டுவிட்டார். சனிக்கிழமையும் மற்ற மாத்திரைகளை விழுங்கிவிட்டு, வெள்ளை மாத்திரையை மட்டும் மூடி வைத்தார். காலையில் காப்பியும் குடிக்கவில்லை. யாரும் அவரை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. பிறருக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாது என்று அந்த நாட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லித்தான் வளர்ப்பார்கள். ஐவிண்ட் அதைக் கடைசிவரை விடாத தலைமுறை.

கார் கிளம்பியது. பொழுது வெளுப்பாக இருந்தது. ஆற்றோரச் சாலையில் வடக்கு நோக்கிப் போகிற வரிசையில் அவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஸ்டைனார் சீரான வேகத்தில் ஓட்டினான். யாரையும் முந்தவில்லை. முந்தினால் சார்ஜ் வீணாகும். திரையில் எண் இறங்குவதை அவன் பார்ப்பதும், மனதுக்குள் கூட்டிக் கழிப்பதும் மாரித்துக்குப் பழகிப்போன காட்சி.

வழியில் அவள் பொட்டலத்தைப் பிரித்தாள். ரொட்டி, பழுப்புப் பாலாடைக்கட்டி, உப்பிட்டு உலர்த்திய ஆட்டிறைச்சி. பின்னால் திரும்பி ஐவிண்டிடம் நீட்டினாள். அவர் இறைச்சியை விரும்பித் தின்றார்.

"காப்பி ஊத்தட்டுமா மாமா?"

"வேண்டாம்."

"உப்பா இருக்கே, தண்ணியாவது குடிங்க."

"தாகமில்ல."

ஸ்டைனார் கண்ணாடியில் தந்தையைப் பார்த்துச் சிரித்தான். "பழைய ஆளு. காரைவிட அப்பாவோட டேங்க்தான் பெருசு."

ஐவிண்டும் சிரித்தார். மகன் தன்னைப் பற்றிப் பெருமையாகப் பேசியது அவருக்குப் பிடித்திருந்தது. அப்போதே அவருடைய காலணி இறுகத் தொடங்கியிருந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

கூல் நெருங்கியது. சார்ஜ் வேகமாக ஏற வேண்டுமானால் பேட்டரி சூடாக இருக்க வேண்டும். வருகிற வழியிலேயே கார் தானாக அதைச் சூடாக்கிக்கொள்ளும். 'பேட்டரி சூடாகிறது' என்று திரையில் வந்ததும் ஸ்டைனார் காருக்குள் இருந்த ஹீட்டரைக் கொஞ்சம் குறைத்தான். இரண்டுக்கும் ஒரே சார்ஜ்தானே செலவாகிறது. பின் இருக்கையில் ஐவிண்ட் கோட்டின் கழுத்துப் பட்டனைப் போட்டுக்கொண்டார். பிறகு குனிந்து காலணிக் கயிற்றைத் தளர்த்தினார், கையுறையை மாட்டினார், தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கார் நின்றதும் இறங்க வேண்டும். அங்கே கழிப்பறை எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். பெட்ரோல் நிலையத்துக்குள், ஐஸ்கிரீம் பெட்டிக்குப் பின்னால். காலையிலிருந்து அவர் அந்தக் கதவை நினைத்துக்கொண்டுதான் வந்தார்.

சார்ஜ் நிலையத்தில் ஓர் இடம்கூடக் காலியில்லை. நான்கு கார்கள் காத்துக்கொண்டிருந்தன. யாரும் யாரோடும் பேசவில்லை. கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு, நேர் எதிரே பார்த்துக்கொண்டு, அவரவர் காரில் அவரவர். ஒரு கார் தொண்ணூறு சதவீதத்தைத் தாண்டி, எறும்பு ஊர்வது போல ஏற்றிக்கொண்டிருந்தது. அதன் சொந்தக்காரர் காப்பிக் கடையில் இருந்தார். போய்க் கேட்டால் எடுத்துவிடுவார். கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை.

"கேட்டுப் பாரேன்" என்றாள் மாரித்.

"தெரியாத ஆளுகிட்டப் போய், 'வண்டிய எடுங்க'ன்னா? நல்லா இருக்கும்." ஸ்டைனார் திரையைத் தட்டினான். "நாப்பத்தொண்ணு இருக்கு. மலையத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கினா உடனே ஒரு நிலையம் வருது. எட்டோட போயிடலாம். இங்க நின்னா ஒரு மணி நேரம் போச்சு. ஹெல்கே நம்மள முந்திடுவான்."

ஐவிண்டின் கை கதவுப் பிடியில் இருந்தது.

"மாமா இறங்கணும்னு நினைக்கறார் போல" என்றாள் மாரித். "மாமா, உள்ள போயிட்டு வரீங்களா?"

ஸ்டைனார் கண்ணாடியில் பார்த்தான். "அப்பா, இறங்கணுமா? இல்ல, போலாமா?"

கேட்ட தொனியிலேயே விடையும் இருந்தது. கால் ஏற்கெனவே பிரேக்கிலிருந்து எழுந்திருந்தது.

"போ, போ" என்றார் ஐவிண்ட். "எனக்கு ஒண்ணும் வேணாம்."

கார் நகர்ந்தது. பெட்ரோல் நிலையத்தின் கதவு பின்னால் போய் மறையும் வரை அவர் அதையே பார்த்தார். பிறகுதான் பிடியிலிருந்து கையை எடுத்தார்.

ஹெம்செடாலுக்கு மேலே காற்று பிடித்துக்கொண்டது. கூரைப் பெட்டியில் மோதிக் காரையே பின்னுக்குத் தள்ளுவது போல இருந்தது. ஏற்றம், எதிர்க்காற்று, குளிர். மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று ஸ்டைனாருக்குத் தெரியும். எண் அவன் போட்ட கணக்கைவிட வேகமாக இறங்கியது. அவன் பேச்சை நிறுத்திவிட்டான்.

மரங்கள் முடிந்து வெறும் வெள்ளை தொடங்குகிற இடத்தில் சாலையின் குறுக்கே தடுப்புக் கட்டை இறங்கியிருந்தது. மேலே பனிப்புயல். தனித்தனியாக விடமாட்டார்கள், பனி அள்ளும் வண்டி முன்னால் போக, பத்திருபது கார்கள் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஒன்றாகக் கடக்க வேண்டும். ஒரு தொகுதி இப்போதுதான் போயிருந்தது. பனி வண்டி மறுபக்கத்திலிருந்து இன்னொரு தொகுதியை அழைத்துக்கொண்டு திரும்பினால்தான் இவர்கள் போகலாம்.

ஸ்டைனார் வரிசையில் நிறுத்தினான். ஹீட்டரை அணைத்தான்.

"எதுக்கு அணைக்கற?" என்றாள் மாரித்.

"சும்மா நிக்கும்போது சார்ஜ் போகக் கூடாது. எல்லாரும் கோட்டு போட்டுத்தான இருக்கோம்."

வெளியே காற்று கத்திக்கொண்டே இருந்தது. கண்ணாடிகளின் உள்பக்கம் மூச்சு படிந்து வெண்மையானது. மாரித் முதலில் அதைத்தான் கவனித்தாள். பின்பக்கக் கண்ணாடி மற்றவற்றைவிட வேகமாக வெண்மையானது. திரும்பிப் பார்த்தாள். ஐவிண்ட் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சாய முடியவில்லை. வாய் திறந்திருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் தோள்கள் ஏறி இறங்கின.

அவள் இறங்கிப் பனியில் சுற்றிக்கொண்டு வந்து பின் இருக்கையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவருடைய காலணியைக் கழற்றினாள். காலுறையின் விளிம்பு சதைக்குள் புதைந்திருந்தது. விரலால் அழுத்திய இடம் பள்ளமாகவே நின்றது.

"மாமா, காலைல நீர் மாத்திரை போட்டீங்களா?"

"இப்ப எதுக்கு அது?"

"போட்டீங்களா?"

அவர் காலை இழுத்துக்கொண்டார்.

"நேத்து?"

ஐவிண்ட் வெண்மை படிந்த கண்ணாடியைப் பார்த்தார், ஏதோ அதற்கு அப்பால் தெரிவது போல.

ஸ்டைனார் முழுதாகத் திரும்பினான். "அப்பா, ஏன் போடல?"

"போட்டா..." மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். "போட்டா வழில நாலு தடவ நிறுத்தணும். உன் கணக்கு கெட்டுப்போகும்."

ஸ்டைனாருக்கு எல்லாம் புரிந்தது. ஆனால் மனிதனுடைய மனம் அவ்வளவு சீக்கிரம் திருந்துவதில்லை. அவன் முதலில் நினைத்தது இதுதான்: பனி வண்டி இப்போது வந்துவிடும், மறுபக்கம் இறங்கினால் அங்கேயும் மருத்துவர் இருப்பார், முன்னால் போவதும் பின்னால் போவதும் ஒன்றுதான். அப்படி நினைக்கும்போதே அவன் கை ஹீட்டரைப் போட்டது. எண் இருபத்திரண்டு.

கண்ணாடியை யாரோ தட்டினார்கள். ஆரஞ்சு மேலங்கி போட்ட ஒரு பெண், தொகுதியை நடத்துகிறவள். வரிசையில் ஒவ்வொரு காராக வந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கதகதப்பான துணி இருக்கா? சார்ஜ் இருக்கா? மேல நடுவுல நின்னாலும் ஒரு மூணு மணி நேரம் தாங்கற மாதிரி இருக்கணும்."

"இருக்கு. தாங்கும்" என்றான் ஸ்டைனார்.

"தாங்காது" என்றாள் மாரித் பின்னாலிருந்து.

ஸ்டைனாரின் காது சிவந்தது. வெளி ஆள் முன்னால் அவன் வார்த்தையை அவள் மறுத்தது அதுவே முதல் தடவை.

"மாரித்..."

"இருபத்திரண்டுதான் இருக்கு. அதுவும் இறங்கிட்டே இருக்கு. இங்க இவருக்கு மூச்சு முட்டுது. இவருக்கு இதயம் சரியில்ல."

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா" என்றார் ஐவிண்ட் அந்தப் பெண்ணிடம். சொல்லி முடிப்பதற்குள் இரண்டு முறை மூச்சு விட வேண்டியிருந்தது.

அந்தப் பெண் குனிந்து உள்ளே பார்த்தாள். பிறகு ஸ்டைனாரைப் பார்த்தாள். "தொகுதி கிளம்பிட்டா நடுவுல திரும்ப முடியாது. உங்க கார் நின்னா பின்னாடி இருக்கற அத்தனை பேரும் நிப்பாங்க. இப்ப திரும்பினீங்கன்னா நான் ஆம்புலன்ஸுக்குச் சொல்றேன், கீழ இறங்கற வழில வந்து பிடிச்சுப்பாங்க. இப்பவே முடிவு பண்ணுங்க."

ஸ்டைனார் கண்ணாடியில் தந்தையைப் பார்த்தான். ஐவிண்ட் பேசவில்லை; பேச மூச்சில்லை. ஆனால் கையை உயர்த்தி, விரல்களால் முன்பக்கம் காட்டினார். போ. உதடு நீலம் பாய்ந்திருந்தது. அப்போதும் அந்தக் கை 'போ' என்றுதான் சொன்னது.

தன் சாவுக்கே வழிவிட்டு ஒதுங்கி நிற்கிற மனிதர் போல அவர் இருந்தார். அதைப் பார்த்த பிறகுதான் ஸ்டைனார் ஸ்டீயரிங்கை ஒடித்தான்.

வரிசையிலிருந்து விலகிக் கீழ்நோக்கித் திரும்புகிற கார் அங்கே எல்லார் கண்ணிலும் படும். சார்ஜ் போதாமல் திரும்புகிறான் என்று அத்தனை பேரும் நினைப்பார்கள். காத்திருந்த கார்களை ஒவ்வொன்றாகத் தாண்டி அவன் இறங்கினான். வரிசையின் கடைசியில் ஹெல்கேயின் கார் அப்போதுதான் வந்து நின்றிருந்தது. ஹெல்கே கண்ணாடியை இறக்கினான், வாயெல்லாம் சிரிப்பு. வருஷக்கணக்காகக் காத்திருந்த நேரமாயிற்றே.

"என்ன மச்சான், காலியா? வீட்டுக்குத் தள்ளிட்டுப் போகவா?"

"அப்பாவுக்கு முடியல" என்றான் ஸ்டைனார். வேறு ஏதாவது சாக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஹெல்கேயின் சிரிப்பு நின்றது. பக்கத்தில் இருந்த தோரில் முன்னால் குனிந்து பார்த்தாள். "அப்பாவா? எங்க?" பின் இருக்கையைப் பார்த்துவிட்டாள். "திருப்பு" என்று கணவனிடம் சொன்னாள்.

இரண்டு கார்களும் இறங்கின. இறக்கத்தில் சார்ஜ் தானாகத் திரும்ப ஏறும். எண் ஒவ்வொன்றாகக் கூடிக்கொண்டே வந்தது. ஸ்டைனார் அதைப் பார்க்கவில்லை. பாதி வழியில், பேருந்து நிறுத்தம் ஒன்றின் அருகே ஆம்புலன்ஸ் அவர்களைச் சந்தித்தது.

பள்ளத்தாக்கிலிருந்த சிறிய மருத்துவமனையில் ஐவிண்டுக்கு ஊசி போட்டார்கள், ஆக்சிஜன் வைத்தார்கள். நுரையீரலில் நீர் கோத்திருந்தது. இன்னும் சற்று நேரம் தாமதித்திருந்தால் என்று தொடங்கிய மருத்துவர், மகளின் முகத்தைப் பார்த்து மீதியைச் சொல்லாமல் விட்டார். மாரித் உள்ளே மாமனாரோடு இருந்தாள். வெளியே பெஞ்சில் அண்ணனும் தங்கையும்.

"அவர் சொல்லவே இல்ல" என்றான் ஸ்டைனார். "நான் கேட்டேன். இறங்கணுமான்னு கேட்டேன். வேணாம்னார்."

"எப்படிக் கேட்ட?"

அவன் கைப்பேசியைக் கையில் திருப்பிக்கொண்டிருந்தான்.

"அவர் சொல்ல மாட்டார்னு உனக்குத் தெரியாதா? நம்ம அம்மா சாகற வாரம் வரைக்கும் வலிக்குதுன்னு சொன்னாங்களா? நம்ம வீட்ல யார் என்னிக்கு என்ன வேணும்னு வாய் திறந்து சொல்லியிருக்காங்க?" தோரில் குரலை உயர்த்தவில்லை. "பேட்டரிக்குக் குளிருதுன்னு காருக்குத் தெரியுது. அது சூடு பண்ணிக்குது. எங்க நிக்கணும், எவ்வளவு நேரம் நிக்கணும்னு நீயும் ஒரு வாரமா உக்காந்து பாத்த. எல்லாம் காருக்கு. அந்த காருக்குள்ள வர்ற மனுஷன் எங்க நிக்கணும், அத யார் பாத்தது?"

"நான் அவரோட எடையச் சேத்திருந்தேன்" என்று ஸ்டைனார் சொன்னான். சொன்ன பிறகு, அது எப்படி ஒலித்தது என்று அவனுக்கே கேட்டது. முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டான்.

அவனுடைய கைப்பேசி அடித்தது. பண்ணையிலிருந்து அவன் சித்தி. பின்னணியில் தட்டுகளின் சத்தம், பிள்ளைகளின் கூச்சல். "எங்கப்பா இருக்கீங்க? சாப்பாடு ஆறுது. யார் முதல்ல வரப் போறது, நீயா, ஹெல்கேயா? இங்க பந்தயமே கட்டியிருக்காங்க."

மலைக் கணவாயை மூடிவிட்டார்கள் என்று சொன்னால் போதும். அது பொய்யும் இல்லை. அந்த மலையைத் தெரிந்தவர்கள் யாரும் அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்கமாட்டார்கள். குடும்பத்தின் மானமும் அவனுடைய மானமும் காப்பாற்றப்படும். தோரில் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் என்ன சொல்லப் போகிறான் என்று அவளுக்குத் தெரியவில்லை. சொல்லப்போனால் அவனுக்கே தெரியவில்லை.

"சித்தி, எல்லாருக்கும் கேக்கற மாதிரி வைங்க" என்றான். அங்கே சத்தம் அடங்கியது. "நாங்க வரல. அப்பா ஆஸ்பத்திரில இருக்கார். நான் நிறுத்த மாட்டேன்னு தெரிஞ்சு ரெண்டு நாளா மாத்திரை போடாம வந்திருக்கார். கூல்ல நிறுத்தியிருக்கணும். நிறுத்தல. ஹெல்கேயை முந்தணும்னு நிறுத்தல." மூச்சை இழுத்துக்கொண்டான். "பிழைச்சுட்டார். ஆனா அது என் கெட்டிக்காரத்தனத்தால இல்ல."

அவன் இணைப்பைத் துண்டித்தான். ஹெல்கே சற்றுத் தள்ளி நின்றிருந்தான். கேலி செய்யும் உரிமை முழுவதும் அன்று அவனுக்கு இருந்தது. அவன் வந்து மச்சானின் பக்கத்தில் உட்கார்ந்தான், அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை ஐவிண்டை அனுப்பிவிட்டார்கள். மாத்திரையைத் தவறாமல் போட வேண்டும், நேரத்துக்கு நேரம் இறங்கி நடக்க வேண்டும், அப்படியானால் பண்ணைக்குப் போகலாம் என்று மருத்துவர் சொன்னார். ஐவிண்ட் கட்டிலின் விளிம்பில் கோட்டைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"டிராமனுக்கே போயிடலாம்" என்றார். "எல்லாரும் பாத்துட்டு இருப்பாங்க. என்னால உனக்குத் தலைகுனிவு."

ஸ்டைனார் நாற்காலியை இழுத்து எதிரே உட்கார்ந்தான். கைப்பேசியில் வரைபடம் திறந்திருந்தது. அதை மடியில் கவிழ்த்து வைத்தான்.

"அப்பா, மாத்திரை போட்டா எவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவ போக வேண்டியிருக்கும்?"

கிழவரின் முகம் சிவந்தது. இப்படி ஒரு கேள்வியை அவர் வாழ்க்கையில் மருத்துவரைத் தவிர யாரும் கேட்டதில்லை. மாரித் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"முதல்ல ரெண்டு மணி நேரம் கொஞ்சம் கஷ்டம்" என்றார் கடைசியில், தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டு. "அரை மணிக்கு ஒரு தடவ. அப்புறம் பரவாயில்ல."

"அப்ப அந்த ரெண்டு மணி நேரம் இங்கயே இருந்துட்டுக் கிளம்பலாம். அதுக்கப்புறம் எங்கெங்க கழிப்பறை இருக்கோ அங்கெல்லாம் நிக்கறோம். அதுல எங்க சார்ஜ் இருக்கோ, அங்க காரும் கொஞ்சம் ஏத்திக்கட்டும்."

"அப்படின்னா சாயங்காலம் ஆயிடும்."

"ஆகட்டும்ப்பா. தலைகுனிவு உங்களால இல்ல. நிறுத்தாம போறதுதான் நம்ம வீட்டுக்குப் பெருமைன்னு நினைச்சோம். அது பெருமையே இல்ல. காருக்கு எவ்வளவு தாங்கும்னு பாக்கறதுக்கு முன்னாடி, அதுல வர்றவங்கள்ல யாருக்கு ரொம்ப முடியாதோ அவங்களுக்கு எவ்வளவு தாங்கும்னு கேக்கணும். அவங்கள வச்சுத்தான் வழி போடணும். இனிமே நம்ம வீட்டு வழக்கம் அது." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சேர்த்தான். "நீங்களும் மறைக்காம சொல்லணும். மறைச்சா எனக்கு நல்லது பண்றதா நினைக்காதீங்க."

ஐவிண்ட் தொப்பியை மாட்டினார். எழுந்து மாரித்தின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

இரண்டு மணி நேரம் கழித்துக் கிளம்பியபோது மலைமேல் வானம் வெளுத்திருந்தது. தடுப்புக் கட்டை உயர்ந்திருந்தது. கணவாயைத் தாண்டி இறங்கத் தொடங்கிய சற்று நேரத்தில், சாலையோரம் கழிப்பறைப் பலகை மாட்டிய ஒரு சிறிய மரக்கட்டிடமும் அதன் முன்னால் நின்றிருந்த சில கார்களும் தெரிந்தன. ஒரு குடும்பம் இறங்கி நின்று காப்பி குடித்துக்கொண்டிருந்தது. இறங்கினால் எல்லாரும் பார்ப்பார்கள். ஐவிண்ட் அவர்களைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு, எத்தனையோ வருஷம் இந்தச் சாலையில் போய்வந்தும் ஒருமுறைகூடச் சொல்லாத அந்த வார்த்தையை மகனிடம் சொன்னார்.

"நிறுத்துப்பா."

ஸ்டைனார் நிறுத்தினான்.